மிஸ்ஸி அன்னம்மா வாங்கிய காய்ச்சல்கள்

1986-ஆம் ஆண்டு அக்டோபரில், ஆற்றோரத் தோட்டங்களில் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், மிஸ்ஸி அன்னம்மா இறந்து மூன்றாம் நாளாகியும் அவருடைய உடம்பு ஆறவில்லை. அதே வாரத்தில் செம்பனைக் குலையின் விலை இறங்கியது. பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போகும் பாலத்தில் ஒரு பலகை பெயர்ந்துபோனது. கோயில் கூரைக்குத் தகரம் மாற்ற வந்த ஆட்கள் பாதி வேலையில் காணாமல் போனார்கள். எல்லாமே தோட்டத்தில் பேசப்பட்டன. மிஸ்ஸியின் உடம்பு சுடுகிறது என்பதை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசினார்கள்.

தாதியை அந்தப் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே பாகான் நக்கோடா ஓமார் வரைக்கும், ரப்பர்த் தோட்டம், தென்னந்தோட்டம், கம்பம் என்கிற மீனவக் கிராமம் என்று எங்கே போய்க் கேட்டாலும், வெறுமனே மிஸ்ஸி என்றால் ஆத்தங்கரைத் தோட்டத்து அன்னம்மா ஒருவர்தான். மற்ற தாதிகளுக்குப் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் காய்ச்சல் வாங்குவார். அது அவர் வேலை பார்க்கும் முறை. காய்ச்சல்காரர் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வலது உள்ளங்கையை நெற்றியில் வைப்பார். கொஞ்ச நேரத்தில் காய்ச்சல் நெற்றியை விட்டுக் கைக்கு ஏறிவிடும். படுத்திருப்பவர் தூங்கிப்போவார், விழிக்கும்போது பசிக்கும். அப்போது மிஸ்ஸி, “பசியாறியாச்சா?” என்று கேட்பார். காலையில் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். ஆனால் மிஸ்ஸி கேட்டால், உன் காய்ச்சல் என்னிடம் வந்துவிட்டது, எழுந்து சாப்பிடு என்று அதற்கு அர்த்தம்.

வாங்கியதை என்ன செய்தார் என்றால், வைத்துக்கொண்டார். வேறு என்ன செய்வது? வெள்ளைச் சீருடை மழையில் தொப்பலாக நனைந்தாலும் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதற்குள் காய்ந்துவிடும். அவர் வீட்டுத் தகரக் கூரையில் மழைநாளிலும் வடகம் காயும் என்பதால் லயத்துப் பெண்கள் முறை வைத்துக் காயப்போட்டார்கள். கட்டிலுக்கு அடியில் முட்டையை வைத்தால் கோழி உட்காராமலே குஞ்சு பொரித்தது. ஜப்பான்காரன் காலத்தில் கொய்னா மாத்திரை கண்ணில் படாமல் போனபோது, மலேரியாவில் நடுங்கிக் கிடந்த லயம் முழுவதையும் அவர் வீடு வீடாகப் போய் வாங்கினார். வெள்ளைக்காரத் துரையின் மனைவிக்கு வந்ததையும் வாங்கியிருக்கிறார். அதில் ரோஜா சோப்பு வாசம் அடித்தது என்றும், மற்றபடி நம்முடைய காய்ச்சல் மாதிரிதான் என்றும் சொன்னார். பாகான் மீனவர்கள் படகில் அழைத்துப்போவார்கள். மலாய்க் கம்பத்தில் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போவார்கள். யாரிடம் வாங்கினோம் என்பதைப் பிறகு அவர் பேசுவதில்லை. அடுத்த வீட்டுக்காரர் கேட்டாலும், “அதெல்லாம் எதுக்குய்யா இப்போ?” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இப்படிப்பட்ட அன்னம்மாவுக்கு ஒரே பிள்ளை, லீலாவதி. தகப்பன் செல்லையாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகு பிறந்தவள். செல்லையா திரும்பவில்லை. லீலாவதி இப்போது பத்தாங் பெர்ஜுந்தாயில் வாடகை வீட்டில் இருக்கிறாள். ரவாங்கில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை. புருஷன் ராஜு பழக்குலை லோரி ஓட்டுகிறான். அம்மாவைக் கடைசிவரை குறைவில்லாமல் பார்த்துக்கொண்டவள் என்று ஊர் அவளைச் சொல்லும். அது உண்மைதான். ஆனால் அவளுக்குள் ஒன்று இருந்தது, அதை அவள் ராஜுவிடம்கூடச் சொன்னதில்லை. அம்மா ஊரில் உள்ளவர்களின் காய்ச்சலை எல்லாம் வாங்கினாள், என் காய்ச்சலை மட்டும் வாங்கவில்லை.

அது வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைத் தேடி அலைந்த அவசரகாலத்தில், தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்த சமயம். லீலாவதிக்கு ஒன்பது வயது. அக்கரைத் தோட்டத்தில் விஷக்காய்ச்சல் பரவி, அன்னம்மாவை அங்கே அனுப்பிவிட்டார்கள். உள்ளே போன தாதி நோய் அடங்கும்வரை வெளியே வரக்கூடாது, வந்தால் வேலை போய்விடும் என்று கண்டிப்பான உத்தரவு. அந்த நேரம் பார்த்து இக்கரையில் லீலாவதிக்குக் காய்ச்சல் கண்டது. பக்கத்து வீட்டு நாகமணி பார்த்துக்கொண்டாள், அவளும் ரப்பர்ப் பால் வெட்டப் போக வேண்டியவள்தானே. குழந்தை தனியாகக் கிடந்து, கூரைத் தகரத்தின் வளைவுகள் ஊர்வதைப் பார்த்துக்கொண்டு, அம்மா அம்மா என்று முனகிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மத்தியானம் விழித்தபோது உடம்பு லேசாக இருந்தது. பயங்கரமாகப் பசித்தது. தலைமாட்டில் மங்குத் தட்டு ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதற்கடியில் ரொட்டி, மேலே கட்டிப் பால் ஊற்றி. நாகமணிக்கா வைத்தது என்று நினைத்துத் தின்றாள். சாயந்திரம் நாகமணி வந்ததும், “நீங்க ரொம்ப நல்லவங்கக்கா,” என்றாள். “அதுக்கென்னா புள்ள,” என்று நாகமணியும் சொன்னாள். அம்மா வந்தது மறுவாரம்தான். வாசலில் நின்றபடி, “பசியாறியாச்சா?” என்று கேட்டாள். ஊராரைக் கேட்கிற அதே குரலில், அதே கேள்வி. லீலாவதி, “ம்,” என்றாள். அன்றிலிருந்து எத்தனையோ ஆயிரம் காலைகளில் அம்மா அதையே கேட்டாள், மகள் அதே “ம்” என்பதையே சொன்னாள். இரண்டு பேருக்கும் சண்டை எதுவும் கிடையாது. அவ்வளவு நாளும் அந்த ஒரு எழுத்துக்கு மேல் மகளுக்கு வாய் எழவில்லை என்பதுதான் விஷயம்.

அன்னம்மா இறந்தது ஒரு காலை வேளையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. மருத்துவர் வந்தார். நாடி பார்த்தார், மூச்சு பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். இறந்துவிட்டார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வெப்பமானியை வைத்தபோது பாதரசம் உச்சிவரை ஏறி, இனி போக இடமில்லை என்று நின்றது. மருத்துவர் அதை உதறிப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர். தனக்கு டைபாய்டு வந்தபோது இந்த அம்மாதான் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஆனால் கோயில் பண்டாரம் மறுத்துவிட்டார். “இவ்ளோ சூடு இருக்கிற ஒடம்பத் தீயில வைக்க முடியாதுமா. மொதல்ல ஆறட்டும். ஆறுனாத்தான் அந்த ஆத்மா கெளம்பும். இல்லேன்னா இங்கயேதான் நிக்கும்,” என்றார். ஆற வைப்பது எப்படி என்று கேட்டதற்கு, அது தன் வேலை இல்லை என்றார். லீலாவதிக்கு அந்த வார்த்தை நெஞ்சில் குத்தியது. வாழ்நாள் முழுக்க ஒரு இடத்தில் நிற்காமல் ஓடிய அம்மா, செத்த பிறகு போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நிற்பதாவது?

பாகானிலிருந்து ஆ செங் என்கிற படகுக்காரர் ஒரு லோரி நிறைய ஐஸ் கட்டி அனுப்பினார். மீனுக்கு வைத்திருந்ததில் பாதியை மட்டும் மீனோடு விட்டுவிட்டு அனுப்பியது. சுற்றிலும் அடுக்கினார்கள். அரை மணியில் எல்லாம் உருகி, உருகிய தண்ணீர் வாளியில் ஆவி பறந்தது. வீணாக்குவானேன் என்று வந்தவர்களுக்கு அதில் தேத்தண்ணி கலந்து கொடுத்தார்கள். லேசாக மீன் வாடை அடித்ததே தவிர நல்ல தேத்தண்ணி என்றுதான் குடித்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் விசிறி வைத்தார்கள், வாழையிலை போர்த்தினார்கள், வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். வேப்பிலை வெந்துபோனது.

மூன்றாம் நாள் காலையில் பழைய மண்டோர் சன்னாசி வந்தார். இளவட்டமாக இருந்தபோது லயத்தையே அதட்டி வேலை வாங்கியவர், இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. அவர் ஒப்பாரி வைக்கிற ஆள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா மிஸ்ஸியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பல் கிட்டித்து, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வலிப்பு என்று பயந்து பிடிக்கப் போனார்கள். கிழவர் நடுக்கத்தோடு சிரித்தார். “விடுங்கடா! இது என் காய்ச்சலுடா. ஜப்பான்காரன் காலத்துல வந்தது. எனக்குத் தெரியாதா? மரவள்ளிக் கெழங்கு அவியிற வாசம்கூட அப்படியே வருது. எங்காத்தா அடுப்படியில நிக்குதுடா!” என்றார். அவரைக் கம்பளியில் சுருட்டித் தூக்கிப்போன பிறகு மிஸ்ஸியின் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். சுண்டுவிரல் நகம் மட்டும் ஆறியிருந்தது.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சேதி பெர்ஜுந்தாய் பஸ்ஸில் ஏறி, கோலசிலாங்கூர் மீன் சந்தையில் இறங்கி, அங்கிருந்து படகில் வடக்கே போனது. மத்தியானத்துக்குள் தோட்டத்துச் சாலை லோரியும் மோட்டார் சைக்கிளும் நடந்து வந்தவர்களுமாக நிறைந்துவிட்டது. வரிசை லயத்தைச் சுற்றி, கோயிலைச் சுற்றி, செம்பனைக் காட்டுக்குள் போய் மறைந்தது. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். பிடித்தவருக்கு அவரவர் காய்ச்சல் வந்தது, அந்தக் காய்ச்சல் கண்ட நாளும் கூடவே வந்தது. ஆ செங்கிற்குத் தன் செத்துப்போன அண்ணன் படகில் நண்டு அவித்த பானை நாறியது, அவர் அதை மூக்கு விடைக்க இழுத்துக்கொண்டார். மலாய்க் கம்பத்துக் கிழவி ஒருத்தி தன் கல்யாணத்துக்கு முந்திய வாரத்துக் காய்ச்சலை வாங்கிக்கொண்டு, முகம் சிவந்து, பேத்தியின் தோளில் சாய்ந்து நடந்தாள். மருத்துவரும் வரிசையில் நின்று தன் டைபாய்டை வாங்கிக்கொண்டு போனார். செத்தவர்களின் காய்ச்சலைப் பிள்ளைகள் வாங்கினார்கள். அப்படித்தான் அர்ஜுனன் என்பவனுக்கும் அவன் தம்பிக்கும் அப்பாவின் காய்ச்சல் யாருக்கு என்று தகராறு வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆறு வருஷமாகப் பேசாதவர்கள். கடைசியில் அண்ணன் சூட்டையும் தம்பி குளிரையும் எடுத்துக்கொண்டு, ஒரே கம்பளிக்குள் போய்ப் படுத்தார்கள்.

லீலாவதி சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேருடைய நாட்களை இந்தச் சின்ன உடம்பு இவ்வளவு காலம் சுமந்துகொண்டு சந்தைக்குப் போனதா, துணி துவைத்ததா, எனக்குத் தலை பின்னிவிட்டதா என்று மலைத்து நின்றாள். அம்மாவோடு ஒரே பாயில் படுத்தால் வேர்த்துக் கொட்டும் என்று சின்ன வயதில் தள்ளிப் படுத்தது ஞாபகம் வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் எதையோ வாங்கிக்கொண்டு போகும்போது தனக்கு வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லையே என்ற பழைய புண்ணும் கூடவே எரிந்தது.

சாயந்திரம் நாலு மணிக்கு வரிசை தீர்ந்தது. நெற்றி, கழுத்து, கால் எல்லாம் ஆறிவிட்டன. சந்தோஷமாகச் சங்கை எடுத்த பண்டாரம் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்த்து, சங்கைக் கீழே வைத்தார். வலது உள்ளங்கை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் யாருடையதோ ஒன்று இருக்கிறது. மறுபடியும் ஊரெல்லாம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். விட்டுப்போனவர் யாரும் இல்லை. அப்போது நாகமணி, தன்னுடைய காய்ச்சலை வாங்கிக்கொண்டு போர்வையும் நடுக்கமுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவள், தலையை நீட்டினாள்.

“லீலா, நீ இன்னும் புடிக்கலையே?”

“எனக்கு இல்லக்கா. அம்மா எங்கிட்ட எதுவும் வாங்கல.”

“வாங்கலேன்னா ஒண்ணும் வராது. புடிச்சுப் பாரேன், என்னா கெட்டுப்போச்சு? பெத்த புள்ள நீ, இத்தன பேரு புடிச்ச கைய நீ புடிக்கக் கூடாதா?”

எல்லோரும் பார்த்தார்கள். மழை திரும்பவும் தகரத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது. லீலாவதி முன்னால் வந்து முட்டிபோட்டு உட்கார்ந்தாள். பிடித்துவிட்டு ஒன்றும் வராமல் போனால், இவ்வளவு நாள் மனத்துக்குள் மட்டும் இருந்தது இனி ஊரறிந்த உண்மையாகிவிடும். அதுதான் அவள் பயம். கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் உள்ளங்கையை எடுத்துத் தன் வலது உள்ளங்கையோடு சேர்த்தாள்.

முதலில் கூரைத் தகரத்தின் வளைவுகள் ஊர்ந்தன. பிறகு புகைக்கூண்டில் ரப்பர்ப் பாளம் காயும் வாடை, கோடாலித் தைலம், தொண்டையில் முள்ளு. ஒன்பது வயது உடம்பு, நாக்கு வறண்டு கிடக்கிறது. கதவு திறக்கிறது. வெள்ளைச் சீருடை, முழங்கால்வரை ஆற்றுச் சேறு. காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைச் சத்தம் வராமல் கையில் பிடித்துக்கொண்டு அம்மா உள்ளே வருகிறாள். முக்காலியைத் தேடவில்லை, தரையிலேயே உட்கார்ந்து குழந்தையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். கை நெற்றிக்கு வருகிறது. காய்ச்சல் ஏறி முடிந்த பிறகும் அம்மா வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பையிலிருந்து ரொட்டியை எடுத்து, கத்தியால் பால் டின்னில் துளை போட்டு, ஊற்றி, மங்குத் தட்டைக் கவிழ்க்கிறாள். குனிந்து காதோரமாக, “பசியாறியாச்சாம்மா?” என்கிறாள். குழந்தை தூங்கிவிட்டது, பதில் இல்லை. அம்மா பதிலுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தோட்டத்தில் மத்தியானச் சங்கு ஊதுகிறது. அம்மா சப்பாத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, வாசலில் நின்று, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முள்கம்பிக்கும் ஆற்றுக்கும் போகிறாள்.

லீலாவதியின் பல் தந்தியடித்தது. கண்ணைத் திறந்து நாகமணியைத் தேடினாள். “அக்கா, அன்னைக்கு ரொட்டி வெச்சது நீங்க இல்லையா?”

“எந்த ரொட்டி? நான் வந்து கஞ்சி காய்ச்சிக் குடுத்தேன். நீ அதுக்குத்தான் நல்லவங்கன்னு சொன்னியோன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்? கம்பி போட்டிருந்த வருசத்துல லயத்துல ஏது புள்ள ரொட்டி? ரொட்டி ஆஸ்பத்திரியிலதானே இருக்கும்,” என்றாள் நாகமணி. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அக்கரை ஆஸ்பத்திரியிலிருந்து பட்டப்பகலில், சம்பான் படகு கிடைத்தோ கிடைக்காமலோ ஆற்றைத் தாண்டி, கம்பிக்கு அடியில் நுழைந்து வந்து போயிருக்கிறாள். யாருக்கும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னால் வேலை போயிருக்கும். பிறகு சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், யாரிடம் வாங்கினோம் என்று சொல்லும் வழக்கம் மிஸ்ஸிக்கு இல்லை. மகளாக இருந்தாலும் அப்படித்தான். லீலாவதி அம்மாவின் முகத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டே, அன்றைக்குத் தூங்கிவிட்டதால் சொல்லாமல் போன பதிலைச் சொன்னாள்.

“ஆறிட்டேம்மா. வயிறு ரொம்பப் பசியாறிட்டேன்.”

உள்ளங்கை ஆறியது. கூடியிருந்தவர்கள் அது ஆறுவதைப் பார்த்தார்கள் என்றே சொல்லலாம். சிவப்பு வடிந்து, வயதான ஒரு பெண்ணின் சாதாரணக் கையாக ஆனது. பண்டாரம் சங்கு ஊதினார். மழை விட்ட இடைவெளியில் ஆற்றங்கரைக்குத் தூக்கிப்போய், மருமகன் ராஜு கொள்ளி வைத்தான். சுடுகாட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் துண்டையும் கம்பளியையும் போர்த்திக்கொண்டு, காய்ச்சலில் ஆடிக்கொண்டே நின்றார்கள். ஈரக் கட்டைதான், எடுத்த எடுப்பில் பற்றிக்கொண்டது.

மறுநாள் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு ஆத்தங்கரையிலும் சுற்றுத் தோட்டங்களிலும் ஒருவரும் வரவில்லை. நிர்வாகி தன் மோட்டார் காடியை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்து பார்த்தார். வீட்டுக்கு வீடு காய்ச்சலில் கிடந்தார்கள், கிடந்தவர்கள் எல்லோருடைய முகமும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் முகம் மாதிரி இருந்தது. மருந்து அனுப்புகிறேன் என்றார், எல்லோரும் வேண்டாம் என்றார்கள். பாகானில் படகுகள் கரையிலேயே கிடந்தன. மத்தியானம், ஏறக்குறைய ஒரே நேரத்தில், எல்லோருக்கும் காய்ச்சல் விட்டு அகோரமாகப் பசித்தது. பெர்ஜுந்தாய்க் கடைகளில் ரொட்டியும் கட்டிப் பாலும் தீர்ந்துபோய், கோலசிலாங்கூரிலிருந்து வரவழைத்தார்கள். கடைக்காரர்கள் அதைத் தீபாவளி விற்பனை என்றுதான் நினைத்துக்கொண்டார்கள்.

லீலாவதிக்கும் மற்றவர்களைப் போலவே விட்டுவிட்டது, வலது உள்ளங்கையில் மட்டும் விடவில்லை. ராஜு மருத்துவரிடம் காட்டலாம் என்றான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினாள். ரவாங்கில் அவள் வேலை செய்யும் கூடம் குளிரூட்டியில் வெடவெடக்கும். கம்பி பொருத்துகிற பெண்களுக்கு விரல் விறைத்துவிடும். இப்போது காலை மணி அடிப்பதற்கு முன்னால், தமிழ்ப் பெண், மலாய்ப் பெண், சீனப் பெண் என்று பார்க்காமல் ஒவ்வொருத்தியாக வந்து லீலாவதியின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்கிறார்கள். அது எப்படி, ஏன் என்று முதல் வாரம் கேட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். விரல் சூடேறியதும் அவரவர் இடத்துக்குப் போகிறார்கள். போகுமுன் லீலாவதி ஒவ்வொருத்தியையும், “பசியாறியாச்சா?” என்று கேட்கிறாள், பதில் வரும்வரை கையை விடுவதில்லை.